யூனியன் எங்கே வைத்தார்?

இடுக்கியில் பூப்பாறை, கம்பமெட்டுப் பக்கம் ஏலத்தோட்டங்களில் கோடைக்குத் தண்ணீர் தெளிக்க நட்ட ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்புகள் பழசானாலும் வீணாவதில்லை. துருவேறிய நுனியை அறுத்துவிட்டுப் புதிதாக மரை போட்டால் பெஞ்சுக்குக் காலாகும், பூந்தொட்டி வைக்கும் ஸ்டாண்டாகும், நனைந்த மழைக்கோட்டு மாட்டும் கொடியாகும். மலைக்குக் கீழே, பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மாட்டுக் கொட்டிலின் தடுப்பும் இதே பைப்தான். வீட்டுத் தண்ணீர்க் குழாய்கள் பி.வி.சி.க்கு மாறியதில் பழைய இரும்புக் கடைகளுக்கு ஜி.ஐ. நிறையவே வந்து சேர்ந்தது. கையில் டை செட்டும் பைப் ரிஞ்சும் இருப்பவருக்கு அது பொக்கிஷம்.

வெல்டிங் வைத்தால் அரை நாளில் முடிகிற வேலைதான் இது. ஆனால் வெல்டிங் சூட்டில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோகும். அந்தப் புகையைச் சுவாசித்தவருக்குக் காய்ச்சலே வரும். இடுக்கி மழையில் துரு முதலில் பிடிப்பதும் அந்த எரிந்த இடத்தைத்தான். மரை வெட்டிய இடத்திலும் பூச்சு போய்விடும் என்பது உண்மை. அங்கே சணலும் பெயின்ட்டும் காவல். அதைவிடப் பெரிய காரணம் எனக்கு வேறு: மரை போட்டுச் செய்ததை நாளைக்குக் கழற்றி, வேறொன்றாக மாட்டலாம்.

இந்த வேலையை ரசிக்க ஒரு புதிர் தெரிந்திருக்க வேண்டும். நான்கு எல்போ, நான்கு துண்டு பைப் எடுத்து ஒரு சட்டம் செய்து பாருங்கள். மூன்று பக்கம் சுலபமாக ஏறிவிடும். நான்காவது துண்டை ஒரு முனையில் இறுக்கத் திருப்பினால் மறுமுனை கழன்றுகொண்டு வரும், ஏனென்றால் இரண்டு முனையிலும் வலப்புற மரைதான். சுற்றி வந்து மூடும் எந்த வடிவமும் இங்கே முட்டி நிற்கும். அதைத் திறப்பது யூனியன். இரண்டு முனைகளும் தனித்தனியே அதனதன் பைப்பில் ஏற, நடுவிலுள்ள பெரிய நட்டு மட்டும் சுழன்று இரண்டையும் இழுத்துச் சேர்க்கும். பழைய கண்டியூட் வயரிங் செய்தவர்கள் நீள மரை வெட்டி, சாக்கெட்டைப் பின்னுக்கு ஓட்டி, செக் நட் போட்டு இதையே சாதித்தார்கள். பைப்பில் செய்த ஒரு மேசையைக் கண்டால் நான் முதலில் தேடுவது யூனியனைத்தான். செய்தவர் அதை மறைக்க முயன்று அடியில் வைத்தாரா, பார்ப்பவர் கண்ணில் படும்படி நடுவில் வைத்தாரா? நடுவில் வைத்தவரே என் ஆள்.

அடுத்து அளவு. அரை இஞ்ச் எல்போவில் மையத்திலிருந்து வாய்வரை ஏறத்தாழ 28 மி.மீ.; அதில் 13 மி.மீ. வரை பைப் உள்ளே போகும். முனைக்கு 15 மி.மீ. மிச்சம். ஆக, மையத்துக்கு மையம் 60 செ.மீ. வேண்டுமானால் பைப்பை 57 செ.மீ.க்கு அறுக்க வேண்டும். இதிலும் முழு நிச்சயம் கிடையாது. பைப் மரை நேராக ஓடுவதில்லை, 16-க்கு 1 என்று சரிந்து ஏறுகிறது. இஞ்சுக்கு 14 சுற்று. முதல் சில சுற்றுகள் விரலுக்கே வசப்படும், பிறகு கவ்வும். எல்போ எந்தத் திசையைப் பார்த்து நிற்கும் என்பது அந்தக் கடைசிச் சுற்றில்தான் முடிவாகும். நான்கு காலும் தரையில் பதிய ஒரு மேசை நிற்கிறதென்றால், அத்தனை இணைப்பிலும் கடைசிச் சுற்றைக் கை சரியாகக் கணித்திருக்கிறது.

இந்த வழியில் உலகப் புகழ் பெற்ற நாற்காலியே உண்டு. பின்னங்கால் இல்லாமல் முன்பக்கமே தாங்கும் நாற்காலியை டச்சுக் கட்டடக் கலைஞர் மார்ட் ஸ்டாம் 1926-இல் முதலில் செய்து பார்த்தது காஸ் பைப்பையும் எல்போக்களையும் சேர்த்துத்தான். அடுத்த ஆண்டு ஸ்டுட்கார்ட் கண்காட்சிக்கு அது வளைத்த குழாயாக வந்தபோது எல்போக்கள் போய்விட்டன. எனக்கு அந்த முதல் நாற்காலிமேல்தான் ஆசை. மரையே வேண்டாம், ஸ்க்ரூவை முடுக்கினால் பைப்பைப் பிடித்துக்கொள்ளும் கிளாம்ப் இங்கிலாந்தில் 1934-இல் வந்தது. அதுவும் பால் கறக்கும் கொட்டிலுக்காக! சித்தூர்க்காரர்களுக்குச் சொந்தக் கதை மாதிரி இருக்கும்.

குறை ஒன்று உண்டு. கடையில் கிடைப்பது பெரும்பாலும் 90 பாகை, 45 பாகை இணைப்புகள். குறுக்குச் சாய்வுக் கம்பி கொடுப்பது பாடு. அதனால் உயரமான சட்டம் ஆடும். இராமக்கல்மேட்டுக் காற்றிலோ பாலக்காட்டுக் கணவாய்க் காற்றிலோ பந்தல் நிற்க வேண்டுமானால் காலைக் கான்கிரீட்டில் இறக்க வேண்டும், அல்லது சுவரில் ஃபிளேஞ்ச் அடிக்க வேண்டும். பைப்பும் பார்த்து எடுக்க வேண்டும்: மஞ்சள் பட்டை லைட், நீலம் மீடியம், சிவப்பு ஹெவி. மரை வெட்டினால் சுவர் மெலியும் என்பதால் பாரம் தாங்கும் வேலைக்கு நீலத்துக்குக் கீழே இறங்கக் கூடாது.

எல்லாம் முடிந்ததும் பலர் மொத்தத்தையும் கறுப்புப் பெயின்ட்டில் முக்கி எடுக்கிறார்கள். எனக்குச் சம்மதமில்லை. வெளியே தெரியும் மரைக்கு மட்டும் துத்தநாகப் பெயின்ட் போதும். எல்போவின் வாயைச் சுற்றித் தடித்து நிற்கும் வளையமும், ரிஞ்சின் பல் பதிந்த தடமும், பைப்பின் நீலப் பட்டையும் அப்படியே இருக்கட்டும்.