விபூதிக்கு எத்தனை ஸ்டாப்?

ஒவ்வொரு தைப்பூசம் முடிந்ததும் பத்துமலைப் படங்கள் வந்து குவியும். அவற்றில் இரண்டு வகையை நான் அதிகம் பார்க்கிறேன். முதல் வகையில் காவடி எடுப்பவரின் முகம் தெரியும். ஆனால் நெற்றி விபூதி, வெள்ளை வேட்டி, பின்னால் குகைக் கூரையின் திறப்பு எல்லாமே வெறும் வெள்ளைத் திட்டுகள். இரண்டாவது வகை கைப்பேசிப் படம். முகம், பாறை, வானம் எல்லாம் ஒரே அளவில் தெரியும். வெயில் எந்தப் பக்கமிருந்து வருதுன்னே சொல்ல முடியாது. முதல் வகையை ‘ஓவர் எக்ஸ்போஸ்’ என்று ஒதுக்குகிறோம். இரண்டாவதைப் பாராட்டுகிறோம். எனக்கு இரண்டிலும் ஒரே குறைதான் தெரிகிறது: எந்த வெளிச்சம் முக்கியம் என்று எடுத்தவர் யோசிக்கவில்லை, கருவியிடம் விட்டுவிட்டார்.

வெள்ளை எப்படித் தொலைகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். நான் பொறியாளன், அளவீடுகளோடு புழங்குவதுதான் வேலை. சென்சாரின் ஒவ்வொரு பிக்சலும் ஒரு வாளி மாதிரி. வெளிச்சம் நிறைந்தபிறகு எவ்வளவு ஊற்றினாலும் அளவு ஏறாது. 14 பிட் ரா ஃபைலில் மொத்தம் 16,384 படிகள். அதில் மேல் பாதி, அதாவது 8,192 படிகள், ஆக வெளிச்சமான ஒரே ஒரு ஸ்டாப்புக்குப் போகிறது. அந்த உச்சியைத் தாண்டிய இடமெல்லாம் ஒரே எண். எந்த மென்பொருளும் அதை மீட்காது. இருட்டுப் பக்கத்தில் இரைச்சலோடாவது ஏதோ மிச்சம் இருக்கும். அதனால்தான் டிஜிட்டலில் ‘ஹைலைட்டைக் காப்பாத்து, நிழலை அப்புறம் தூக்கிக்கலாம்’ என்கிறார்கள். நெகட்டிவ் ஃபிலிமில் இது தலைகீழ். அங்கே வெளிச்சம் மெதுவாகத்தான் நிரம்பும். நிழலில் பதியாததுதான் திரும்பி வராது.

நெகட்டிவில் வேலை செய்தவர்களில் பெரிய கணக்குக்காரர் ஆன்சல் ஆடம்ஸ். ஃப்ரெட் ஆர்ச்சரோடு சேர்ந்து ஸோன் சிஸ்டத்தை வகுத்தவர். அவருடைய ஆகப் புகழ்பெற்ற படத்தில் அவரும் ஹைலைட்டைத்தான் முதலில் காப்பாற்றினார். 1941இல், நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் கிராமம். நிலா மேலே வந்துவிட்டது. கல்லறைச் சிலுவைகள்மேல் கடைசி வெயில். அவசரத்தில் லைட் மீட்டர் கையில் கிடைக்கவில்லை. நிலாவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது அவருக்கு நினைவிருந்தது. அதை ஏழாவது ஸோனில், அதாவது நடுச் சாம்பலுக்கு இரண்டு ஸ்டாப் மேலே, வைத்துக் கணக்குப் போட்டார். ஒரு தாள்தான் எடுக்க முடிந்தது. அடுத்த தாளுக்குள் சிலுவைகளை விட்டு வெயில் போய்விட்டது.

இந்தக் கதையைச் சாமர்த்தியத்துக்கு உதாரணமாகவே எல்லாரும் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. படத்தில் நிலா மிகச் சின்னது. அது வெளுத்திருந்தால் அதன் உருவம் மட்டும் போயிருக்காது. சிலுவைகள் எவ்வளவு மங்கலாக மினுங்குகின்றன என்று ஒப்பிட்டுப் பார்க்கவும் ஒன்றும் இருந்திருக்காது. இதற்கு விலையும் இருந்தது. முன்பக்கம் நெகட்டிவில் மெலிந்துபோனது. 1948இல் அந்தக் கீழ்ப்பகுதியை ரசாயனத்தில் அடர்த்தியாக்க வேண்டியிருந்தது. பின்னாளில் போட்ட பிரதிகளில் வானத்தை ஏறக்குறையக் கறுப்பாக்கினார். பலருக்கு அவைதான் பிடிக்கும். எனக்கு மேகம் வெளிறித் தெரிகிற ஆரம்பப் பிரதிகளே போதும். அவற்றில்தான் அது சாயங்காலம்.

ஹெர்னாண்டஸில் நிழலில் கிடந்தது செடியும் மண்ணும். பத்துமலையில் நிழலில் நிற்பது நம்முடைய கறுத்த முகங்கள். கூரைத் திறப்பில் தெரியும் வானத்தைக் காப்பாற்ற எக்ஸ்போஷரைக் குறைத்தால் முகம் அடிமட்டத்துக்குப் போய்விடும். பிறகு தூக்கினால் தோல் சாம்பல் பூத்து, இரைச்சலாக வரும். விதியைக் கண்ணை மூடிப் பின்பற்றினால் வானம் பிழைக்கும், பக்தர் போய்விடுவார்.

ஆக, எதைக் காப்பாற்றுவது? பித்தளைச் செம்பின் மினுக்கு போகட்டும். திறப்பின் வானமும் போகட்டும். விபூதி, வேட்டி மடிப்பு, பால்குடத்தில் வழிகிற பால், இவை போகக் கூடாது. ஆடம்ஸுக்கு நிலா எப்படியோ, நமக்கு விபூதி அப்படி. ஸ்பாட் மீட்டரை விபூதியில் வையுங்க, காட்டுகிற அளவுக்கு இரண்டு ஸ்டாப் மேலே எடுங்க. முகத்திலும் அதே வெளிச்சம்தான் விழுகிறது; அது தன் இடத்தில் தானாக வந்து உட்காரும். மஞ்சள் வேட்டி என்றால் இன்னும் கவனம் வேண்டும். சிவப்பு சேனல்தான் முதலில் நிரம்பும், ஒற்றை ஹிஸ்டோகிராமில் அது தெரியாமலே போகலாம். மூன்று நிறத்தையும் தனித்தனியாகக் காட்டுவதைப் பாருங்க. திரையில் வருவது ஜேபெக்கின் கணக்கு என்பதால் ரா ஃபைலில் கொஞ்சம் இடம் பெரும்பாலும் மிச்சமிருக்கும்.

கேமரா இல்லாதவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. அடுத்த தைப்பூசத்தில் யாராவது ஒரு படத்தை அனுப்பி ‘எப்படி இருக்கு?’ என்று கேட்டால், வானம் வெளுத்திருக்கிறதா என்று முதலில் தேடாதீங்க. நெற்றியைப் பெரிதாக்கிப் பாருங்க. விபூதியில் விரல் இழுத்த தடம் தெரிகிறதா, அதற்குக் கீழே கண் தெரிகிறதா என்று பாருங்க. இரண்டும் இருந்தால், அவர் யோசித்துத்தான் எடுத்திருக்கிறார்.