கேட்டு நடப்பதும் கேள்வி கேட்பதும்

தமிழில் ‘கேள்’ என்ற ஒரு வினைச்சொல் மூன்று வேலை செய்கிறது. காதால் கேட்பது, சொன்னபடி நடப்பது, வினா எழுப்புவது. ‘பையன் சொன்ன பேச்சைக் கேட்கிறான்’ என்றால் கீழ்ப்படிகிறான். ‘ஏன் என்று கேட்கிறான்’ என்றால் வினவுகிறான். ‘புரியாவிட்டாலும் கீழ்ப்படி, ஏன் என்று கேட்காதே’ என்று நம் சபைகளில் காலங்காலமாகச் சொல்லப்படும் அறிவுரை முதல் இரண்டையும் உள்ளே அழைத்துக்கொண்டு மூன்றாவதை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. அது சரிதானா?

சுபாங் ஜெயாவில் வாழ்கிற எங்களுக்கு இது ஏட்டுக் கேள்வி அல்ல. 2025 ஏப்ரல் 1, நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாள் காலையில், இங்குள்ள புத்ரா ஹைட்ஸில் பெட்ரோனாஸ் எரிவாயுக் குழாய் வெடித்தது. உயிரிழப்பு இல்லை. ஆனால் நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். பல குடும்பங்கள் வீட்டையும் வண்டியையும் இழந்தன. இத்தகைய வேளையில் ‘ஏன்’ என்ற சொல் இரண்டு திசையில் போகிறது. குழாய் ஏன் உடைந்தது என்பது ஒன்று. குழாய்க்கு அடியிலிருந்த நிலம் தளர்ந்ததை ஜூன் இறுதியில் வந்த விசாரணை அறிக்கை காரணமாகக் காட்டியது. எங்கள் வீடு ஏன், பக்கத்து வீடு ஏன் இல்லை என்பது இன்னொன்று. அதற்கு எந்த அறிக்கையும் வராது. இரண்டாவதற்குப் பதில் இல்லை என்பதால் முதலாவதையும் கேட்காதே என்பவர், கடவுளுக்குரிய மௌனத்தை மனிதரின் பொறுப்புக்குப் போர்வையாக்குகிறார்.

கீழ்ப்படிதலின் பக்கத்தில் இருக்கும் நியாயத்தையும் முழு எடையோடு வைக்க வேண்டும். ஆபிரகாம் போகுமிடம் தெரியாமலே புறப்பட்டார். எல்லாம் விளங்கிய பிறகுதான் அடியெடுத்து வைப்பேன் என்பவர் திருமணமும் செய்துகொள்ள முடியாது, பிள்ளையும் பெற முடியாது. சில உண்மைகள் உள்ளே நின்று பார்த்தால்தான் தெரியும். அறிவதற்காகவே விசுவாசிக்கிறேன் என்ற கருத்தில் 11ஆம் நூற்றாண்டின் அன்செல்ம் சொன்னது இதைத்தான். நம் மொழியும் இதை அறியும். சபைக்கு வெளியே ‘விசுவாசம்’ என்றால் ஒருவரை விட்டு விலகாத பற்று. கொள்கை விளங்கிய பின் வருவது அல்ல அது. ஆளைத் தெரிந்ததால் வருவது.

ஆளைத் தெரிந்ததால் என்பதில்தான் வாதம் திரும்புகிறது. ஊரைவிட்டு மறுபேச்சின்றிக் கிளம்பிய அதே ஆபிரகாம், சோதோமுக்காக ஐம்பது நீதிமான்களில் தொடங்கிப் பத்துவரை கடவுளிடமே பேரம் பேசினார். மரியாள் ‘இது எப்படி ஆகும்’ என்ற பொருளில் கேட்ட பிறகே சம்மதித்தார். யோபுவின் கதையில் கண்டிக்கப்பட்டவர்கள் கடவுளுக்காக வாதாடிய நண்பர்கள். சரியாகப் பேசியவன் என்று பெயர் பெற்றவன், கேட்டுக்கொண்டே இருந்த யோபு.

இந்த வாதத்துக்கு மிகக் கடினமான இடம், கடவுளின் கட்டளைப்படி ஆபிரகாம் தன் மகனைப் பலியிடச் சென்ற மோரியா மலை. 1798இல் தத்துவஞானி காண்ட், மகனைக் கொல்லக்கூடாது என்பது உறுதி, பேசுவது கடவுள்தான் என்பது உறுதியல்ல என்று ஆபிரகாம் பதில் சொல்லியிருக்க வேண்டும் என்றார். 1843இல் கீர்க்ககார்ட் அந்த நடையை அறத்தையும் கடந்த விசுவாசமாகக் கண்டு நடுங்கினார். காண்டின் எச்சரிக்கையை என்னால் தள்ள முடியவில்லை. கதையையும் கைவிட முடியவில்லை. ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்வேன். வேதத்திலேயே அந்தக் கட்டளை கடைசி நொடியில் தடுக்கப்பட்டது. ஓங்கிய கையைக் காட்டிப் பிறரைப் பணியவைக்கும் உரிமை எந்தப் போதகருக்கும் இல்லை. 1978 நவம்பர் 18 அன்று ஜோன்ஸ்டவுனில் ஒரு மதக்குழுவினர் தங்கள் தலைவரின் கட்டளையால் 900க்கும் மேற்பட்டோர் இறந்தது, கேட்க இடமில்லாத கீழ்ப்படிதல் எங்கே போய் முடியும் என்பதற்கு அழியாத சான்று. மாத்திரையை நிறுத்து, ஜெபம் போதும் என்று தீர்க்கதரிசனத்தின் பெயரால் ஒருவர் சொல்லும்போதும் அதே பாதையின் முதல் படியில்தான் கால் வைக்கிறோம்.

மாற்றுவழி எப்படியிருக்கும் என்பதைக் கிள்ளான் பள்ளத்தாக்கே காட்டியது. 2017 பிப்ரவரி 13 அன்று பெட்டாலிங் ஜெயாவில் பட்டப்பகலில் போதகர் ரேமண்ட் கோ கடத்தப்பட்டார். அவர் மனைவி சுசானா லியூ, தன் விசுவாசத்தையும் மறைக்கவில்லை, கேள்வியையும் விடவில்லை. இது காவல்துறையின் சிறப்புப் பிரிவு செய்த கட்டாயக் காணாமலாக்கல் என்று மனித உரிமை ஆணையமான சுஹாகாம் 2019 ஏப்ரலில் அறிவித்தது. 2025 நவம்பரில் கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் அரசையும் காவல்துறையையும் பொறுப்பாளிகளாக்கியது. கணவர் வீடு திரும்பவில்லை. ‘கர்த்தருடைய சித்தம்’ என்று சொல்லி சுசானா முதல் நாளே வாய்மூடியிருந்தால், சிலர் அதையே ஆழ்ந்த விசுவாசம் என்று புகழ்ந்திருப்பார்கள். அநீதி செய்தவர்களுக்கும் அது வசதியாக இருந்திருக்கும்.

ஆகவே என் தீர்ப்பு இது. பதில் கிடைக்காத கேள்வியோடு கீழ்ப்படிவது விசுவாசம். கேள்வியே கூடாது என்ற கட்டளைக்குக் கீழ்ப்படிவது அடிமைத்தனம். போகுமிடம் தெரியாமல் போகலாம். அழைப்பவர் யார் என்று சோதிக்காமல் போகக்கூடாது. என் கீழ்ப்படிதலுக்கு விலை கொடுப்பது நானா, என் பிள்ளையா, மனைவியா என்று பார்க்காமலும் போகக்கூடாது. பதில் வந்தால்தான் நம்புவேன் என்று நிபந்தனை வைப்பதை நான் ஆதரிக்கவில்லை. யோபுவுக்கும் காரணம் சொல்லப்படவில்லை. ஆனால் அவன் கேட்டுக்கொண்டிருந்த இடத்துக்குத்தான் கடவுள் வந்து பேசினார். நம் மொழி ஒரே சொல்லில் சேர்த்து வைத்ததைப் பிரசங்கபீடம் பிரிக்க வேண்டாம்.