சர்ச்சுக்குள் ஒரு கச்சேரி

மேட்டுப்பாளையத்தில் ஊட்டி பஸ் ஏறுகிறவர்களுக்கு பர்லியார் என்றால் பத்து நிமிஷம். ஒரு டீ, ஒரு வடை, சீசனாக இருந்தால் ஒரு கூறு மங்குஸ்தான், கையில் இருக்கிற பையைப் பிடுங்கக் காத்திருக்கும் குரங்குகள். அவ்வளவுதான். அதற்குள் கண்டக்டர் விசில் அடித்துவிடுவார்.

இந்த மலையைப் பற்றி யோசனை சொல்கிறவர்களும் பெரும்பாலும் அந்தப் பத்து நிமிஷக்காரர்கள்தான். சமீப காலமாக அடிக்கடி காதில் விழும் யோசனை இது: "நீலகிரியில எவ்ளோ பழைய சர்ச் இருக்கு சார்! லண்டன்ல, ஆம்ஸ்டர்டாம்ல பண்ற மாதிரி அதுல ஒண்ணை எடுத்து கச்சேரி ஹாலா மாத்தினா என்ன? மக்கள் கலை மன்றம்னு பேர் வெச்சுக்கலாம்."

யோசனை எனக்குப் பிடிக்கும். பிடித்த யோசனையைத்தானே நாலு தட்டுத் தட்டிப் பார்க்க வேண்டும்?

முதலில் அந்த வெளிநாட்டுக் கதையைப் பார்ப்போம். லண்டன் ஸ்மித் சதுக்கத்தில் இருக்கிற செயின்ட் ஜான்ஸ், 1728-ல் கட்டி முடித்த சர்ச். 1941-ல் ஜெர்மன் குண்டு விழுந்து சுவர் மட்டும் மிஞ்சியது. ரொம்ப வருஷம் அப்படியே கிடந்து, 1969-ல் கச்சேரி அரங்கமாகத் திறந்தார்கள். ஆம்ஸ்டர்டாமின் பாரடிஸோ 19-ஆம் நூற்றாண்டு சபைக் கட்டடம். அறுபதுகளில் காலியாகக் கிடந்ததை ஹிப்பிப் பையன்கள் ஆக்கிரமித்தார்கள். 1968-ல் நகராட்சியே இளைஞர் மன்றமாக்கிக் கொடுத்துவிட்டது. 1995-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் அங்கே வாசித்தார்கள். இஸ்தான்புல்லின் ஹாகியா ஐரீன் இன்னும் பழசு, பைசாந்தியர் காலத்து சர்ச். 1980-லிருந்து அங்கே இசை விழா நடக்கிறது.

இந்தக் கட்டடங்களுக்கெல்லாம் பொதுவாக ஒன்று உண்டு. ஜெபிக்க ஆள் இல்லை. இங்கிலாந்துத் திருச்சபை 1969-க்குப் பிறகு மூடிய கோயில்கள் மட்டும் ஆயிரத்துக்கு மேல். காலியான வீட்டுக்கு வாடகைக்கு ஆள் பிடித்த கதை அது.

நம்ம மலையில் நிலைமை வேறு. வெள்ளைக்காரன் 1947-ல் மூட்டை கட்டினான், வாஸ்தவம். ஆனால் அவன் எழுந்துபோன பெஞ்சு காலியாக இல்லை. தமிழ்க் கிறிஸ்தவர்கள், படகக் கிறிஸ்தவர்கள், எஸ்டேட் தொழிலாளர்கள் வந்து உட்கார்ந்தார்கள். அதே வருஷம் செப்டம்பரில் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. கவர்னர் உட்கார்ந்த இடத்தில் கொழுந்து பறிக்கிற அம்மா உட்கார்ந்தாள். கிறிஸ்துமஸுக்கு இங்கே ஒரு சர்ச்சுக்குள் நுழைந்து பாருங்கள், கால் வைக்க இடமிருக்காது. 'காலி சர்ச்' என்கிற படத்தையே நாம் இறக்குமதி செய்திருக்கிறோம்.

ஆக, 'மாற்றுவது' என்கிற வார்த்தையிலேயே எனக்கு உடன்பாடு இல்லை. ஞாயிறு காலை நிரம்பி வழிந்து, மற்ற ஆறு நாளும் பூட்டிக் கிடக்கிற கட்டடம் என்பதுதான் இங்குள்ள நிஜம். இதற்கு லண்டனிலேயே வேறொரு முன்மாதிரி உண்டு. இஸ்லிங்டன் பகுதியில் இருக்கும் யூனியன் சேப்பல். அங்கே ஆராதனையும் நிற்கவில்லை, கச்சேரியும் நிற்கவில்லை. அதே கட்டடத்தில் வீடில்லாதவர்களுக்கான உதவிப் பணியும் நடக்கிறது. சாமியைக் காலி செய்யாமலே சங்கீதத்துக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள்.

"சர்ச்சுக்குள்ள ஆட்டம் பாட்டமா?" என்று கேட்கிறவர்கள் ஊட்டி செயின்ட் ஸ்டீபன்ஸ் சர்ச்சுக்கு ஒரு நடை போய்வரலாம். 1829-ல் அடிக்கல் நாட்டி, 1830-ல் பிரதிஷ்டை செய்தார்கள். வடிவமைத்தவர் கேப்டன் அண்டர்வுட். அதன் உத்தரத்துக்கு மரம் எங்கிருந்து வந்தது? ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையைப் பிரித்துக் கொண்டுவந்த மரம். யானைகளை வைத்து இழுத்தார்கள் என்பார்கள். ஒரு முஸ்லிம் மன்னனின் அரண்மனை விட்டம் கிறிஸ்தவக் கோயிலுக்குக் கூரையானது. ஜெயித்தவன் தோற்றவன் வீட்டு மரத்தை எடுத்த கதைதான், பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் கட்டடம் என்பது ஒரே வேலைக்காகப் பிறந்து அதே வேலையில் சாகிற பொருள் என்று யாராவது சொன்னால், அந்த உத்தரத்தைக் காட்டலாம்.

சர்ச் மேடையில் நம்முடைய இசை ஒட்டுமா என்கிற சந்தேகமும் வேண்டாம். வேதநாயக சாஸ்திரியார் தஞ்சாவூர் சரபோஜி மன்னர் காலத்தில் கீர்த்தனைகளாக எழுதிக் குவித்தவர். 1917-ல் 'கருணாமிர்த சாகரம்' என்ற மாபெரும் இசை நூலைக் கொண்டுவந்த ஆபிரகாம் பண்டிதர் சொந்தச் செலவில் தஞ்சையில் சங்கீத மாநாடுகள் நடத்தினார். திருச்சியில் 1977-ல் கத்தோலிக்கர்கள் தொடங்கிய கலைக்காவிரி, பரதமும் பாட்டும் சொல்லிக்கொடுக்கும் கல்லூரியாகவே வளர்ந்துவிட்டது. இதெல்லாம் நம் ஊர் வரலாறுதான்.

இந்தியாவில் இதை நடத்திக் காட்டிய இடம் என்று நான் சொல்வது பழைய கோவாவை. அங்கே குன்றின் உச்சியில் மலை மாதா சேப்பல் இருக்கிறது. போர்ச்சுகீசியர் காலத்தின் தொடக்கத்தில் எழுந்த கோயில். பாழடைந்து கிடந்ததை ஃபுண்டசாவ் ஓரியந்தே என்ற போர்ச்சுகீசிய அறக்கட்டளை புதுப்பித்து, 2000-களின் தொடக்கத்திலிருந்து மோன்ட்டே இசை விழா நடத்திவருகிறது. மேற்கத்திய சங்கீதம் சேப்பலுக்குள்ளே, நம்ம நாட்டியமும் இசையும் சூரியன் சாயும் நேரத்தில் வெளி முற்றத்தில் என்பது அவர்கள் ஏற்பாடு.

இந்த உள்ளே, வெளியே பிரிவினையை நான் ரசிக்கிறேன். காரணம் பக்தி கிடையாது, காது. கல் சுவரும் உயர்ந்த கூரையும் ஒலியைச் சீக்கிரம் விடாது. பேச்சு புரிய வேண்டுமானால் எதிரொலி ஒரு வினாடிக்குள் அடங்க வேண்டும். மேற்கத்திய வாத்தியக் குழுவுக்கு இரண்டு வினாடி இருந்தால் சுகம். லண்டன் செயின்ட் பால் போன்ற ராட்சசக் கதீட்ரலில் அது பத்து வினாடி வரை இழுக்கும். கூட்டுப்பாடலுக்கு அது தேன். நம்ம மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனத்துக்கு விஷம். முதல் தீர்மானம் முடிவதற்குள் இரண்டாவது வந்து அதன் தலையில் ஏறி உட்காரும். இதற்கு மேல் நம்ம மைக் செட்காரர் வேறு வந்து இரண்டு பக்கமும் ஆளுயர பாக்ஸ் வைத்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ஆக, கோவாக்காரர்கள் கட்டடம் சொன்னதைக் கேட்டிருக்கிறார்கள். மலைச் சர்ச்சுகள் சின்னவை என்பதால் இங்கே இவ்வளவு மோசம் இருக்காது. இருந்தாலும் வீணை, புல்லாங்குழல், தனிக்குரல் என்று மைக் இல்லாமல் கேட்பதற்குத்தான் அவை லாயக்கு.

ஆனால் மோன்ட்டே விழாவிடம் எனக்கு ஒரு குறை உண்டு. அது பெரும்பாலும் செவ்வியல் கலைக்கான விழா. அதை அவர்கள் மறைக்கவும் இல்லை. அழகான குன்று, அழகான மாலை, அழகான ரசிகர்கள். இதே அச்சை எடுத்து நீலகிரியில் வார்த்தால் என்ன கிடைக்கும்? மே மாத சீசனில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்தவர்கள் ஷால் போர்த்திக்கொண்டு கேட்கும் கச்சேரி கிடைக்கும். தப்பில்லை. அதற்கு 'மக்கள் கலை மன்றம்' என்று பெயர் வைக்காமல் இருந்தால் சரி.

இந்த மலைக்கென்று சங்கீதம் இல்லையா என்ன? கோத்தர்களைக் கேட்டுப் பாருங்கள். நாயனத்தின் தம்பி போல ஒரு ஊதுகருவி, கொம்பு, வகைவகையான மேளம். அவர்கள் இசையைப் பற்றி ரிச்சர்ட் உல்ஃப் என்ற அமெரிக்க ஆய்வாளர் தடிமனாக ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். ஒரு காலத்தில் படகர் வீட்டுச் சாவுக்குக் கோத்தர் வந்து வாசித்தாக வேண்டும். போன நூற்றாண்டின் முதல் பாதியில் அந்த வழக்கம் தேய்ந்தது. இழவுக்கு வாசிப்பதைக் கேவலமாகப் பார்க்கிற உலகத்தில் அது தேய்ந்தது நல்லதுகூட. ஆனால் அதற்குப் பதிலாக அந்தக் கலைஞனுக்கு வேறு மேடை எது கொடுத்தோம்? கோடை விழாவில் அமைச்சர் வரும்போது வாசலில் நின்று வாசிக்கச் சொல்கிறோம். அமைச்சர் காரிலிருந்து இறங்கி உள்ளே போனதும் வாசிப்பு முடிந்தது. உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் அதைக் கேட்டவர் எத்தனை பேர்?

பர்லியார் பக்கத்துக் காடுகளில் குறும்பரும் இருளரும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் குழல் உண்டு, மேளம் உண்டு, விடிய விடிய ஆட்டம் உண்டு. மலைக்கு அந்தப் பக்கம் அட்டப்பாடியில் நஞ்சம்மா என்ற இருளர் பெண்மணி ஒரு மலையாளப் படத்துக்குப் பாடினார். 2022-ல் அறிவித்த தேசிய விருதில் சிறந்த பின்னணிப் பாடகி அவர்தான். உடனே, முறையாகச் சங்கீதம் கற்காதவருக்கா விருது என்று ஒரு முணுமுணுப்பு கிளம்பியது. ஹாலுக்குள் யார் பாடலாம் என்று கேட்கிற அதே வாய்தான் இது. நீலகிரிக்கு ஒரு கலை அரங்கம் வந்தால் முதல் பரீட்சை இந்தக் கேள்வியில்தான்.

இன்னொரு கூட்டத்தையும் மறக்க வேண்டாம். 1964-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டதில் கப்பலேறி வந்த தாயகம் திரும்பியவர்கள். அவர்களுக்காகவே அரசு தேயிலைத் தோட்டம் போட்டது, 'டேன்டீ' என்று இன்று நாம் அறிவது. இலங்கை மலையகத்தின் லயங்களில் காமன் கூத்து ஆடிய பரம்பரை. பேரப்பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். கூத்துக்காரத் தாத்தா இன்னும் எந்த லயத்திலாவது இருந்தால், அவரைக் கூப்பிட்டு ஒரு மைக் கொடுக்க, மன்னிக்கவும், மைக் இல்லாமல் ஒரு மேடை கொடுக்க, மழை ஒழுகாத ஒரு கூரை வேண்டும்.

புதுசாகக் கட்டிவிட்டால் போச்சு என்பீர்கள். இங்கே அது அவ்வளவு சுலபமில்லை. மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம் இருக்கிறது, மாஸ்டர் பிளான் இருக்கிறது, ஏழு மீட்டருக்கு மேல் உயரக்கூடாது என்கிற விதி இருக்கிறது. சரிந்து விழுகிற மலைக்கு அந்த விதிகள் அவசியம்தான். ஆக, இருக்கிற கூரைக்குள்தான் இடம் தேட வேண்டும். அதனால்தான் இந்த சர்ச் யோசனையைச் சும்மா தள்ளிவிட முடியவில்லை.

சரி, பணம்? நான் பி.காம். படித்தவன், இந்த இடத்தில் கை சும்மா இருக்காது. ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். 120 பேர், தலைக்கு 100 ரூபாய். வரவு 12,000. கலைஞர்கள் நாலு பேருக்கு 1,500 வீதம் 6,000. விளக்கு, ஒலி 2,500. கரன்ட், துப்புரவு 1,000. போஸ்டர் 500. ஆளுக்குப் பத்து ரூபாய் டீ 1,200. செலவு 11,200. மிச்சம் 800. இது ஹவுஸ்ஃபுல் ஆனால். பாதி ஹால்தான் நிரம்பியது என்றால் வரவு 6,000, டீச் செலவில் 600 குறைந்து மொத்தச் செலவு 10,600. நஷ்டம் 4,600. ஒரே ஒரு பாதிக்கூட்டக் கச்சேரி, கிட்டத்தட்ட ஆறு ஹவுஸ்ஃபுல் கச்சேரியின் மிச்சத்தை விழுங்கிவிடும். கூரை ஓட்டை இன்னும் கணக்கில் வரவே இல்லை.

வெளியூர்க்காரர்கள் இந்தப் பள்ளத்தை எப்படி மூடினார்கள்? ஆம்ஸ்டர்டாமில் நகராட்சி மானியம். ஸ்மித் சதுக்கத்தில் வாடகை, நிலவறையில் ரெஸ்டாரன்ட். கோவாவில் அறக்கட்டளை. அந்த அறக்கட்டளைக்கு எங்கிருந்து பணம் என்று பார்த்தால் சுவாரஸ்யம். 1988-ல் அதைத் தொடங்கியபோது மூலதனம் வந்தது மக்காவ் சூதாட்ட விடுதிகளின் உரிமத் தொகையிலிருந்து. சீட்டாட்டத்தில் தோற்றவன் காசில் மாதா சந்நிதியில் சங்கீதம். பணத்துக்கு வாசனை கிடையாது, விடுங்கள்.

இங்கே சூதாட்ட விடுதி இல்லை. மானியமும் சந்தேகம். அப்போது என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். முதல் வருஷம் கலை மன்றம். இரண்டாம் வருஷம் "ஒரே ஒரு ரிசப்ஷனுக்கு மட்டும்" என்று வாடகைக்கு விடுவார்கள். மூன்றாம் வருஷம் கல்யாண மண்டபம், வாசலில் சீரியல் செட், பின்பக்கம் பிரியாணி அண்டா. சர்ச் சொத்து என்றாலே வழக்கும் வாய்தாவும் ஞாபகம் வருகிற மாநிலம் இது. சபை மக்கள் பயப்படுவது பாட்டுக்காக இல்லை, இந்தச் சறுக்கலுக்காகத்தான். அந்தப் பயம் நியாயமானது. பின்னால் கல்லறைத் தோட்டம் வேறு இருக்கும். செயின்ட் ஸ்டீபன்ஸ் வளாகத்தில் சல்லிவனின் மனைவியும் மகளும் உறங்குகிறார்கள். பேர் பெற்ற கல்லறையானாலும் பேர் அழிந்த கல்லறையானாலும் அங்கே பிளாஸ்டிக் டம்ளர் விழக்கூடாது.

எனவே என் பரிந்துரை சின்னது. உரிமையை எழுதி வாங்காதீர்கள், பெயர்ப்பலகையை மாற்றாதீர்கள், பெஞ்சைப் பெயர்க்காதீர்கள். மாதத்துக்கு ஒரு ஞாயிறு, பிற்பகல் மட்டும் கேளுங்கள். வாடகைக்குப் பதில் கூரைச் செலவில் ஒரு பங்கு. நிர்வாகக் குழுவில் சபையிலிருந்து பாதி, ஊரிலிருந்து பாதி. அந்த ஊர்ப் பாதியில் கோத்தரும் இருளரும் தோட்டத் தொழிலாளியும் இல்லையென்றால் ஆரம்பிக்கவே வேண்டாம். வருஷக் கணக்கைச் சர்ச் வாசலில் ஒட்டிவிடுங்கள். மேளம் முற்றத்தில், குரல் உள்ளே.

ஏன் பிற்பகல்? பர்லியார்க்காரரைக் கேட்டால் சொல்வார். பலாப்பழ சீசனில் இருட்டினால் குன்னூர் ரோட்டில் யானை இறங்கி நிற்கும். மேலே போன பஸ் கீழே வருவது அதன் இஷ்டம். மூணு மணிக்கு ஆரம்பித்து நாலரைக்கு முடித்தால்தான், பாடியவரும் கேட்டவரும் டீ குடித்துவிட்டு வெளிச்சத்திலேயே வீடு சேரலாம். ஏழு மணிக்கு ஆரம்பித்தால் கார் வைத்திருக்கிறவர் மட்டும்தான் வருவார்.