சேக்கிழார் அவையடக்கம்

மண்ணூருக்குக் கிழக்கேயுள்ள குன்றத்தூரில் அவதரித்த சேக்கிழார் பெருமான், தில்லைக்கூத்தன் முதற்சொல் எடுத்துக்கொடுக்கப் பெரியபுராணம் பாடத் தொடங்கினார் என்பது உமாபதி சிவனார் பெயரால் வழங்கும் வரலாற்று நூலின் கூற்று. அச்சொல்லே முதற்செய்யுளின் தலையில் நிற்கின்றது.

திருவருள் துணைநிற்கவும், பாயிரத்தின் 5, 6ஆம் செய்யுட்களில் ஐயம் எழுகின்றது. அடியார் புகழ் சொல்லில் அடங்காதென்கின்றார். கடல்முழுதும் பருக விழைந்த நாய்க்குத் தம்மை ஒப்பிடுகின்றார். இதனை மரபுபற்றிய பணிமொழி மட்டுமே என்பார் கூற்றுப் பொருந்தாது. புலவரவைக்கு அஞ்சுதலே மரபு. இவர் அஞ்சியதோ அடியார் பெருமைக்கு. அன்றியும், தம்மை உந்தும் எல்லையற்ற வேட்கையை அவ்வையத்தின் அருகிலேயே வைத்துரைக்கின்றார். அருளாற் கிடைத்தது ஒரு சொல். எஞ்சிய 4,000க்கு மேற்பட்ட பாடல்களை ஐயம் நீங்குமுன்னரே அவ்வேட்கை பாடுவித்தது. சித்தாந்தம் உணர்ந்தார்க்கு அவ்வேட்கையும் அருளின் வேறன்று.