இரவு வானப் படங்களில் நில மயக்கம்

எந்தக் கலையையும் அளந்தறிய ஓர் அளவுகோல் வேண்டும். செய்யுளுக்கு அதனை நம் முன்னோர் வகுத்துத் தந்துள்ளனர். அண்மைக் காலத்தில் தோன்றிய ஒரு கலைக்கும் அவ்வளவுகோல் பயன்படுமா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடற்கரையில் நின்று இரவு வானத்தை நிழற்படம் எடுக்கும் பொழுதுபோக்கு இன்று நம் நாட்டிலும் பரவியிருக்கிறது. இருண்ட இரவுகளில் போர்ட்டிக்சன் கரைக்குச் சென்றால், மூன்று கால் தாங்கியில் கேமராவைப் பொருத்தி, முகில் விலகக் காத்திருக்கும் அன்பர்களைக் காணலாம். அவர்களுடைய படங்கள் நாட்காட்டியிலும் கைப்பேசியிலும் மட்டுமின்றி, நம் வகுப்பறைச் சுவர்களிலும் இடம் பெறுகின்றன.

எம் பள்ளிச் சுவரிலும் அத்தகைய படம் ஒன்று ஈராண்டுக் காலம் தொங்கிற்று. கீழே கடல், ஒரு புறம் பாறை, மேலே விண்மீன்கள் வட்டம் வட்டமாகச் சுழன்ற ஒளிக்கோடுகள். போர்ட்டிக்சன் இரவு என்று அதன் அடியில் எழுதியிருந்தது. அதைக் காட்டி நானே புவியின் சுழற்சியை விளக்கி வந்தேன். ஒரு நாள், வடமீன் அடிவானிலிருந்து எத்தனை பாகை உயரத்தில் தோன்றுகிறதோ அதுவே அவ்வூரின் அகலாங்கு என்று கூறினேன். உடனே ஒரு மாணவி எழுந்து, "ஐயா, நம் ஊர் இரண்டரைப் பாகைதானே? இந்த வட்டத்தின் நடுப்புள்ளி மட்டும் கடலுக்கு மேலே இவ்வளவு உயரத்தில் இருக்கிறதே?" என்று கேட்டாள். விடை கூற இயலாது நின்றேன்.

அவள் கேட்டது முற்றும் சரி. போர்ட்டிக்சன் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ இரண்டரைப் பாகையில் உள்ளது. அங்கே வடமீன் நிற்கும் உயரம், ஐந்து முழு நிலவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய உயரமே. அடிவானத்து மூட்டத்தில் அது பெரும்பாலும் கண்ணுக்குப் படாது. தென்முனையோ அதே அளவு கடலுக்கு அடியில் தாழ்ந்திருக்கும். ஆகவே, இங்கு விண்மீன்கள் வரையும் பெருவட்டங்களில் பாதிக்குச் சற்று ஏறக்குறையவே அடிவானுக்கு மேலே தோன்றும். மேற்கு நோக்கி மணிக்கணக்கில் படம் எடுத்தாலோ, நடுவில் உள்ள கோடுகள் மழைத்தாரைபோல நேரே கடலில் இறங்கும். இரு புறத்துக் கோடுகள் வலமும் இடமுமாக வளையும். எம் சுவரில் தொங்கியது, வடக்கே வெகு தொலைவிலுள்ள ஏதோ ஒரு நாட்டின் வானத்தை வெட்டி நம் கடலின்மேல் ஒட்டிய படம்.

இதனால் கைபட்ட படங்கள் எல்லாம் பொய் என்று தள்ளிவிடலாமா? கூடாது. இரவில் நம் கண் மங்கலான ஒளியில் நிறம் அறியாது. கேமராவோ இருபது நொடி திறந்திருந்து ஒளியைச் சேர்த்து வைக்கிறது. 500 என்னும் எண்ணை லென்சின் குவியத் தொலைவால் வகுத்தால், விண்மீன் கோடாக நீளாமல் புள்ளியாகவே பதிய எத்தனை நொடி திறக்கலாம் என்பது தோராயமாகக் கிடைக்கும். 20 மில்லிமீட்டர் லென்சுக்கு 25 நொடி. அந்நேரத்தில் கண் காணாத செம்மையும் நீலமும் படத்தில் எழுகின்றன. அவை வானில் உள்ளவையே. அந்தி ஒளியில் பாறையை ஒரு முறையும், நள்ளிரவில் அதே இடத்திலிருந்து வானத்தை ஒரு முறையும் எடுத்து இணைப்பாரும் உளர். இவையெல்லாம் உலகியலோடு கலந்த நாடக வழக்கு எனலாம்.

எல்லை எங்கே? தொல்காப்பியம் இதற்கு விடை தருகிறது. நெய்தலுக்கு உரிய சிறுபொழுது ஏற்பாடு. யாமம் குறிஞ்சிக்கு உரியது. அவ்வகையில், கடல்மேல் இரவைக் காட்டும் படம் எல்லாமே ஒரு மயக்கம்தான். ஒழுக்கமும் பொழுதும் மயங்கி வருதலை இலக்கணம் விலக்கவில்லை. ஆனால் இரு நிலம் ஓரிடத்தில் ஒருங்கே மயங்குதல் இல்லை என்பது உரையாசிரியர் கொள்ளும் பொருள். அந்தியும் யாமமும் ஒரே படத்தில் கூடலாம். அது கால மயக்கம். ஓரிடத்து வானமும் வேறோரிடத்துக் கடலும் கூடுதல் நில மயக்கம். முன்னது கலை, பின்னது பிழை.

மேனாட்டிலும் இவ்வேறுபாட்டை உணர்த்தும் சான்று உண்டு. அமெரிக்க நிழற்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்சு, நியூ மெக்சிகோ மாநிலத்து எர்னாண்டசு என்னும் சிற்றூரின்மேல் நிலவெழுவதை எடுத்த படம் புகழ் பெற்றது. பல ஆண்டுகளாக அதைப் படி எடுக்கும்போதெல்லாம் அவர் வானத்தை மேலும் மேலும் கருமையாக்கினார். எடுத்த நாளையோ அவர் குறித்து வைக்கவில்லை. ஆயினும் நிலவு நின்ற இடத்தைக் கொண்டே, அது 1941 நவம்பர் முதல் நாள் மாலை 4 மணி 49 நிமிடத்தில் எடுக்கப்பட்டது என்று டென்னிசு டி சிக்கோ 1991-இல் கணித்தார். கருமை கூட்டியது கலைஞரின் உரிமை. நிலவை அவர் நகர்த்தவில்லை. அதனால்தான் கணக்கு அரை நூற்றாண்டு கழித்தும் விடை தந்தது.

நம் புலவரும் அவ்வாறே வானத்தை மதித்தனர். புறநானூற்றின் 229-ஆம் பாட்டில், சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறைக்கு நேரவிருக்கும் தீங்கை வீழ்மீன் கண்டு அஞ்சும் கூடலூர்கிழார், அவ்விரவின் மாதத்தையும் விண்மீன்களின் நிலையையும் முதலில் நிறுத்திவிட்டே துயரம் பேசுகிறார். பரிபாடலின் 11-ஆம் பாட்டில் நல்லந்துவனார் கோள்கள் நின்ற இடங்களைக் கூறுகிறார். அதனைக் கொண்டு எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை கி.பி. 634 என ஆண்டு கணித்தார். அம்முடிவை ஏற்றாரும் உளர், மறுத்தாரும் உளர். ஆனால் கணிக்க முற்படும் அளவுக்கு அவ்வானம் நம்பத்தக்கதாய்ப் பாட்டில் நிற்கிறது என்பதே நாம் கருதத்தக்கது.

நம் கடற்கரைக்கே உரிய வானம் ஒன்று இல்லையா, பிறர் வானத்தை இரவல் வாங்க? செப்டம்பர், அக்டோபர் மாதங்களில், புகைமூட்டம் இல்லாத முன்னிரவில், பால்வீதியின் செறிந்த நடுப்பகுதி தென்மேற்கே மலாக்கா நீரிணையை நோக்கிச் சாயும். மலாய் மக்கள் அதனைப் பீமா சக்தி என்பர். வீமன் பெயர் அங்கே நிற்பது நமக்கு உவகை தரும். நாம் தென்சிலுவை என்பதை அவர்கள் பாரி, அஃதாவது திருக்கை மீன், என்பர். கடலோடு வாழ்ந்தவர் வானிலும் கடலையே கண்டனர். கிழக்குக் கரையில் மெர்சிங்கிலோ, மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் நள்ளிரவுக்குப் பின் அதே பால்வீதி தென்கிழக்கே கடலிலிருந்து எழும். இரு கரைக்கும் பொழுது வேறு, காட்சி வேறு.

மெய்யான படங்களிலும் ஒரு குறை காண்கிறேன். தஞ்சோங் துவானில் 1863-இல் எழுந்த கலங்கரை விளக்கம் இன்றும் நிற்கிறது. நீரிணையில் கப்பல் விளக்குகள் வரிசையாய் மின்னும். பலர் அவ்விளக்குகளை அழுக்கென்று கருதித் துடைத்துவிடுகின்றனர். அவையே இக்காலத்து நெய்தலின் கருப்பொருள் அல்லவா? அவற்றை நீக்கினால் முதற்பொருள் மட்டும் எஞ்சும்; காத்திருத்தலும் இரங்கலும் ஆகிய உரிப்பொருள் தோன்ற இடமில்லை. வியப்பைத் தரும் படம் பலவுண்டு. நெஞ்சைத் தொடும் படம் சிலவே என்பதற்கு இதுவே காரணம்.

"அழகாக இருந்தால் போதாதா? படம் என்ன பாடநூலா?" என்று கேட்பார் உண்டு. மக்கள் வானத்தை நேரே கண்ட காலத்தில் அவ்வினா பொருந்தியிருக்கலாம். 2016-இல் வெளிவந்த உலக ஆய்வொன்று, மக்களுள் மூன்றில் ஒரு பங்கினருக்கு மேல் பால்வீதியைத் தம் இருப்பிடத்திலிருந்து காண இயலாதவர் என்று கூறிற்று. அண்டையிலுள்ள சிங்கப்பூரில் மக்கள் அனைவருமே, கண் முழு இருளுக்குப் பழக முடியாத அளவு ஒளி மிக்க வானின் கீழ் வாழ்வதாகவும் அது காட்டிற்று. வானம் மறைந்த ஊரில் படம்தான் சாட்சி. சாட்சி பொய்த்தால் அதை மறுக்கக் குழந்தையிடம் வேறென்ன இருக்கிறது? என் மாணவியிடம் ஒரு கணக்கு இருந்தது. அது எல்லாக் குழந்தைகளிடமும் இருக்கும் என்று நாம் நம்பியிருத்தல் தகாது.

ஆதலின், தமிழாசிரியர் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். வானப் படம் ஒன்று வகுப்பறைக்கு வரும்போது, செய்யுளுக்குத் திணையும் துறையும் கேட்பதுபோல அதனிடம் மூன்று கேட்போம்: எந்த இடம், எந்த நாள், எத்திசை நோக்கி? விடை சொல்லும் படம் எளியதாயினும் சுவரில் ஏறட்டும். எம் பள்ளியில் பழைய படத்தை நான் கழற்றி எறியவில்லை. அதன் அடியிலிருந்த பெயரை மட்டும் நீக்கிவிட்டு, "இது நம் வானம் அன்று, ஏன்?" என்று எழுதி வைத்தேன். அருகில் ஒரு வெற்றிடம் விட்டிருக்கிறேன். நம் கடலின் மெய்யான இரவை யாரேனும் எடுத்துத் தந்தால் அங்கே மாட்டுவோம்.