எண் பார்த்து எடுக்கும் தூண்டில்

ஓடும் படகின் பின்னால் பொய்யிரையை இழுத்து வஞ்சிரமும் சூரையும் பிடிப்பது ட்ரோலிங். அதற்குத் தூண்டில்கோல் வாங்கப் போகிறவர் கடையில் முதலில் தேடுவது ஓர் எண்ணை. 30, 50, 80 என்று பவுண்டுக் கணக்கில் கோலிலேயே அச்சிட்டிருக்கும். அதே எண்ணில் நரம்பும் ரீலும் வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்பது பரவலான வழக்கம். இதில் நல்ல அறிவு இருக்கிறது. பழைய காலத்து அனுமானம் ஒன்றும் ஒளிந்திருக்கிறது.

1939இல் தொடங்கிய ஐ.ஜி.எஃப்.ஏ. என்னும் சர்வதேச அமைப்பு, மீன்பிடி சாதனைகளை நரம்பின் வலுவை வைத்து வகுப்புகளாகப் பிரிக்கிறது. கடைக்காரர் சொல்லும் 30, 50, 80, 130 எல்லாம் அந்த வகுப்புகள்தாம். 1953இல் பெருவின் காபோ பிளாங்கோ கடலில் ஆல்ஃபிரட் கிளாசெல் பிடித்த கறுப்பு மார்லின் 1,560 பவுண்டு. நரம்போ 130 பவுண்டு வகுப்பு. தன் வலுவைவிடப் பன்னிரண்டு மடங்கு கனத்த மீனை நரம்பு தாங்கியது என்றால் அதற்குக் காரணம் ரீலின் டிராக். இழுப்பு ஓர் அளவைத் தாண்டினால் அது நரம்பை வழுக்கி ஓட விடும். அந்த அளவை நரம்பின் வலுவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக வைப்பது மரபு. 30 வகுப்புக்கு 10 பவுண்டு. அந்தச் சுமையில் சரியாக வளையும்படிதான் கோலையும் செய்கிறார்கள். கோல், ரீல், நரம்பு மூன்றையும் ஒரே எண்ணில் கட்டியதால், புதிதாக வருபவர்கூடப் பொருந்தாத கருவியோடு கடலுக்குப் போவதில்லை. இந்த வழக்கத்தின் பெரிய பலம் இதுவே.

வலு கூடினால் தடிமனும் கூடும் என்பதுதான் அந்தப் பழைய அனுமானம். தங்கூசி என்று நாம் சொல்லும் ஒற்றையிழை நைலானுக்கு அது பொருந்தும். பாலிஎதிலீன் இழைகளால் பின்னிய பிரெய்ட் நரம்பு வந்தபின் அது உடைந்தது. ஒரே வலுவுள்ள தங்கூசியின் பாதித் தடிமன்தான் பிரெய்டுக்கு. 30 வகுப்பு ரீலில் 80 பவுண்டு பிரெய்ட் தாராளமாக அடங்கும். வாங்கியவர் மூன்றில் ஒரு பங்கு விதியை அப்படியே பிடித்துக்கொண்டு டிராக்கை 27 பவுண்டுக்கு இறுக்கினால், 10 பவுண்டுக்கென்று செய்த கோல் என்ன ஆகும்? நரம்பு அறாது, கோல் முறியும்.

நரம்பின் நீட்சியைப் பற்றியும் எண் எதுவும் சொல்வதில்லை. ட்ரோலிங்கில் மீன் கவ்வும்போது படகு 6, 7 நாட் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். கோல் பிடிப்பானில் செருகியிருக்கும். விட்டுக்கொடுக்க மனிதக் கை அங்கே இல்லை. அந்த அடியைத் தாங்குவது தங்கூசியின் நீட்சி. அறுபடும் முன் தன் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நீளக்கூடியது அது. பிரெய்ட் அவ்வளவாக நீளாது. டிராக் சற்றே இறுகியிருந்தாலும் வஞ்சிரத்தின் வாய்த்தசையைக் கிழித்துக்கொண்டு முள் வெளியே வந்துவிடும்.

தங்கூசிக்கும் குறை உண்டு. தடித்திருப்பதால் ரீலில் குறைவாகவே அடங்கும். பெரிய சூரை ஒரே ஓட்டத்தில் பாதி நரம்பை இழுத்துப் போனால் உருளையில் சுற்றின் விட்டம் சுருங்கும்; விட்டம் பாதியானால், டிராக்கைத் தொடாமலே இழுப்பு இருமடங்காகும். நீரில் கிடக்கும் தடித்த நரம்பின் உராய்வும் அதோடு சேரும். பிரெய்டில் இந்த இரண்டு தொல்லையும் குறைவு; மூழ்கும் பொய்யிரையும் இன்னும் ஆழமாக ஓடும். அடியில் பிரெய்டும் மேலே நூறு மீட்டர் தங்கூசியும் சுற்றுவது நல்ல சமரசம். ஆனால் இரண்டையும் இணைக்கும் முடிச்சு கோலின் வளையங்களில் சிக்காமல் போக வேண்டும்; சுமையில் நழுவவும் கூடாது. அந்த முடிச்சு கைவராதவருக்குச் சமரசமே பலவீனமாகிவிடும்.

கோலின் நீளமும் பொருளும்கூட எண்ணுக்கு வெளியே நிற்கின்றன. கரையிலிருந்து வீசப் பயன்படும் எட்டடிக் கோலைப் படகுக்குக் கொண்டுவருவோர் உண்டு. ட்ரோலிங்கில் வீச்சே கிடையாது. நீளம் கூடக் கூட நெம்புகோலின் நன்மை மீனுக்குப் போகிறது; வலி நம் இடுப்புக்கு வருகிறது. ஐந்தரை, ஆறடி போதும். கார்பன் கோல் இலேசானது என்று விளம்பரம் செய்கிறார்கள். நாள் முழுக்கப் பிடிப்பானில் கிடக்கும் கோலுக்கு அந்த இலேசால் பெரிய பயன் இல்லை. கனமான ஃபைபர்கிளாஸ் அதிர்ச்சியையும் தவறான கோணத்தையும் கூடுதலாகப் பொறுக்கும்.

ஆகவே எண்ணைத் தூக்கி எறிய வேண்டாம். அதை எதற்குக் கேட்பது என்பதில்தான் மாற்றம் வேண்டும். நின்றபடி அரைமணி நேரம் எத்தனை பவுண்டு இழுப்பைத் தாங்குவோம் என்பதை முதலில் முடிவு செய்யலாம். அதுவே டிராக். அதற்கேற்ற வகுப்பில் கோல், பிறகு நரம்பு. கரையோர வஞ்சிரத்துக்கும் சிறு சூரைக்கும் 30 வகுப்பு ஃபைபர்கிளாஸ் கோலும் முழுக்கத் தங்கூசியும், வஞ்சிரத்தின் பல்லுக்காக முன்னால் ஒரு துண்டுக் கம்பியும் போதும். ஆழ்கடல் சூரைக்குப் பிரெய்ட் தேவைப்படலாம். அப்போதும் டிராக்கைக் கோலின் எண்ணில் மூன்றில் ஒரு பங்குக்கே வைக்க வேண்டும், நரம்பின் எண்ணில் அல்ல. கரையைவிட்டுக் கிளம்பும் முன் விசைத்தராசை நரம்பில் மாட்டி இழுத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் அது தெரிந்துவிடும். கடையில் ஆயிரக்கணக்கில் செலவழிப்பவர்களில் பலர் தவிர்ப்பது அந்தத் தராசுக்கான சில்லறைச் செலவைத்தான்.