குப்பைத் தொட்டியும் இரண்டு அப்பாக்களும்

போலீஸ் ஸ்டேஷனுக்கு ஒருவர் வருகிறார். சலூன் வைத்திருப்பவர், காதில் கட்டு. வீடு புகுந்து என் லட்சுமியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள், கண்டுபிடித்துக் கொடுங்கள் என்கிறார். லட்சுமி யார்? மனைவியும் இல்லை, மகளும் இல்லை. ஒரு இரும்புக் குப்பைத் தொட்டி. ஸ்டேஷன் சிரிக்கிறது. பார்க்கிற நாமும் சேர்ந்து சிரிக்கிறோம்.

2024 ஜூனில் வெளியான ‘மகாராஜா’ நமக்கு வைக்கும் முதல் பொறி இந்தச் சிரிப்புதான். நித்திலன் சாமிநாதனுக்கு இது இரண்டாவது படம், விஜய் சேதுபதிக்கு ஐம்பதாவது. முடிச்சுகளை அவிழ்க்காமல் இந்தப் படத்தைப் பற்றி உருப்படியாக எதையும் பேச முடியாது. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து மேற்கொண்டு படியுங்கள். கட்டுரை எங்கேயும் போய்விடாது.

எங்கள் காட்டுப்பள்ளிப் பக்கம் பலரும் படத்தைத் தவணை முறையில்தான் பார்க்கிறார்கள். மீஞ்சூரில் கம்பெனி பஸ் ஏறினால் துறைமுகம் போய்ச் சேர்வதற்குள் அரை மணிப் படம், ஷிப்ட் முடிந்து திரும்பும்போது இன்னொரு அரை மணி. இப்படிப் பார்க்கிறவர்களுக்குப் பொறுமையைக் கேட்கிற படம் ஒத்துவராது என்று நினைத்திருந்தேன். ‘மகாராஜா’ ஒத்துவந்தது. ஒரு வாரம் பஸ்ஸில் இதே பேச்சு. “அந்தச் செல்வம் கதை எப்ப நடக்குதுன்னு கண்டுபுடிச்சீங்களாண்ணே?” என்று ஒருவர் கேட்டார். கான்ட்ராக்டில் வேலை செய்யும் இளைஞர் ஒருவர் சொன்னதுதான் மனதில் நின்றது: “ரெண்டாவது தடவ பாக்கறப்ப ஸ்டேஷன் சீனுக்குச் சிரிப்பே வரலண்ணே.”

இந்தப் படத்துக்கு அதைவிடச் சுருக்கமான விமர்சனத்தை நான் படிக்கவில்லை. மகாராஜாவின் வீட்டில் உண்மையில் நடந்தது மகள் ஜோதிக்கு நேர்ந்த கொடுமை. அதை அவரால் எழுதிக் கொடுக்க முடியாது. ஆனால் செய்தவர்கள் யார் என்று தெரிந்தாக வேண்டும். அதற்காகத்தான் குப்பைத் தொட்டி. ஏட்டு அடித்தாலும், நாள் முழுக்க வாசலில் உட்காரவைத்தாலும் அந்த ஆள் நகர்வதில்லை. பணம் தருகிறேன் என்றதும்தான் ஸ்டேஷன் நிமிர்ந்து உட்கார்கிறது. நடராஜனின் இன்ஸ்பெக்டர் முதலில் பணத்துக்காக இறங்கி, உண்மை தெரிந்த பிறகு வேறொரு மனிதராகிறார். சாமானியனின் புகார் காதில் விழ வேண்டுமென்றால் அதில் ஒரு பொய்யும் கொஞ்சம் பணமும் இருந்தாக வேண்டும் என்று வசனமே இல்லாமல் படம் சொல்லிவிடுகிறது.

அடுத்த முடிச்சு காலம். அனுராக் காஷ்யப் நடித்த செல்வம் பகலில் எலக்ட்ரிக் கடைக்காரன், இரவில் வீடு புகுந்து கொள்ளையடிப்பவன். அம்மு என்ற குழந்தையிடம் உருகும் அப்பா. அவன் கதையும் மகாராஜாவின் கதையும் மாறி மாறி வருகின்றன. தேதி, வருடம் எதுவும் திரையில் இல்லை. மாறி மாறிக் காட்டினால் ஒரே சமயத்தில் நடக்கிறது என்று எடுத்துக்கொள்வது சினிமா நமக்குப் பழக்கிய பழக்கம். நித்திலன் அந்தப் பழக்கத்தை வைத்தே நம்மை ஏமாற்றுகிறார். செல்வத்தின் குடும்பக் கதை பல வருடம் முன்னால் நடந்து முடிந்தது. லாரி மோதி வீடு நொறுங்கியபோது குப்பைத் தொட்டிக்குள் பிழைத்த குழந்தை அம்மு. அவளைத் தூக்கி ஜோதியாக வளர்த்தவர் மகாராஜா. செல்வம் பழிவாங்கப் போனது தன் மகள் வளரும் வீட்டுக்கு.

இதை வெறும் அதிர்ச்சி வைத்தியம் என்று ஒதுக்கிவிட முடியாது. இந்தத் திருப்பத்தால் இரண்டு அப்பாக்கள் எதிரெதிரே நிற்கிறார்கள். ஒருவனுக்கு இருப்பது ரத்த பாசம் மட்டும். தன் குழந்தைக்குச் செயின் வாங்குவான். அடுத்தவன் குழந்தை அவனுக்கு ஆளே இல்லை. இன்னொருவர் தன் மனைவியையும் மகளையும் பறிகொடுத்த அதே இடத்தில் அடுத்தவன் குழந்தையைக் கையில் எடுத்தவர். அது தன் பெண் இல்லை என்று ஒரு நாள்கூடக் காட்டிக்கொள்ளாதவர். பொறுமையாகப் பார்த்தவருக்குப் படம் தரும் கூலி இதுதான். முதல் தடவை ‘தொட்டிக்கு ஏன் இந்த ஆள் இவ்வளவு பாசம் வைக்கிறார்’ என்று தோன்றிய இடமெல்லாம் அடுத்த தடவை கனக்கிறது.

ஆனால் கடைசியில் படம் தான் சொன்னதையே தான் நம்பவில்லை. செல்வத்தை நொறுக்குவது எது? தான் அழித்தது தன் சொந்த மகளை என்ற செய்தி. ஜோதி வேறு யாருக்காவது பிறந்தவளாக இருந்திருந்தால்? அவன் நிம்மதியாகத் தூங்கியிருப்பான். குற்றத்தின் பாரம் ரத்த உறவை வைத்தா அளக்கப்படும்? வளர்ப்பே பெரிது என்று இரண்டு மணி நேரம் காட்டிவிட்டு, தண்டனை கொடுக்கும்போது படம் ரத்தத்திடமே போய் நிற்கிறது. அதோடு, ஜோதியின் வலி கதைக்குள் ஒளித்துவைத்த சீட்டாகவே பெரும்பாலும் பயன்படுகிறது. அவள் செல்வத்தின் எதிரே வந்து நின்று பேசும்போதுதான் முதன்முறையாக ஒரு மனுஷியாக நமக்குத் தெரிகிறாள். அதுவரை அவள் எப்படித் தாங்கினாள், தெரியாது.

1954இல் வீணை எஸ். பாலசந்தர் ஏவி.எம்முக்கு இயக்கிய ‘அந்த நாள்’ படத்தை இங்கே நினைத்துக்கொள்ளலாம். பாட்டே கிடையாது. உலகப் போர்க்காலச் சென்னையில் ரேடியோ இன்ஜினியர் ராஜன் சுடப்பட்டுக் கிடக்கிறான். ஆளாளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். ராஜன் ஜப்பானுக்கு உளவு சொன்னவன், அவனைச் சுட்ட துப்பாக்கி மனைவி உஷாவின் கையில் இருந்தது என்பதுதான் முடிச்சு. ஆனால் அங்கே ரகசியமும் தவிப்பும் உஷாவுடையவை. அவள் வாயாலேயே வெளிவருகின்றன. ‘மகாராஜா’வில் ரகசியம் மகளுடையது, அதைக் காப்பதும் அவிழ்ப்பதும் அப்பாக்கள்.

இத்தனை குறை சொன்ன பிறகும் படத்தை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. கன்டெய்னர் லாரிகள் இரவு பகலாக ஓடும் எங்கள் சாலையில், ஒரு லாரி தடம் மாறினால் ஒரு குடும்பம் என்ன ஆகும் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மிஞ்சிய பிள்ளையை யார் தூக்குவார்கள் என்பதுதான் கேள்வி. அதற்கு இந்தப் படத்தின் பதில், பேரம் பேசத் தெரியாத, யாரும் மதிக்காத ஒரு முடிதிருத்துபவர். அடுத்த முறை பார்க்கும்போது திருப்பங்களை விட்டுவிட்டு அவரை மட்டும் கவனித்துப் பாருங்கள். படம் அங்கேதான் இருக்கிறது.